சைக்கிள்களைப் பார்த்துத் தேர்ந்த ஊர்

இடமாற்றக் கடிதம் கைக்கு வந்தபோது வேலையைப் பற்றிய யோசனை எனக்கு வரவில்லை. மகளை எங்கே வைத்திருப்பது என்றுதான் யோசித்தேன். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. நான் அரசாங்க வைத்தியசாலையில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். கணவர் கட்டாரில். செட்டிபாளையத்தில், எனக்குச் சீதனமாக எழுதிய வீட்டில், நானும் மகளும் மட்டும் இருந்தோம். என்னைக் கரடியனாற்றுக்குப் போட்டிருந்தார்கள்.

தூரம் என்று பார்த்தால் அது வேறு மாவட்டம்கூட இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் தூரத்தை யாரும் மைலில் அளக்கவில்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த எங்கள் ஊர்கள் இராணுவத்திடம் இருந்தன. வாவிக்கு மேற்கே, வயல்களும் காடும் இயக்கத்திடம். கரடியனாறு அந்தப் பக்கம். செங்கலடியில் கறுத்தப்பாலத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். காலையில் திறப்பார்கள், பின்னேரம் மூடுவார்கள். மூடும் நேரம் அவர்களுடைய மனதைப் பொறுத்தது. செட்டிபாளையத்திலிருந்து போய்வருவதென்றால் இரண்டு பஸ் பிடித்து, வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, பாலம் தாண்டி இன்னொரு வாகனம் பிடித்து... திரும்பி வர இருட்டிவிடும். பள்ளிக்கூடம் விட்ட நேரத்திலிருந்து இருட்டும்வரை மகள் தனியே வீட்டில் இருக்க வேண்டும்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் பின் தெரு ஒழுங்கைப் பிள்ளை ஒன்று பின்னேரம் கடைக்குப் போய்த் திரும்பவில்லை. மகளோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளுடைய சைக்கிள் மட்டும் ஒழுங்கை முகப்பில் வேலியோடு சாத்தியபடி நின்றது. யார் கொண்டுபோனார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை தர வேண்டும் என்று எங்கள் பக்கத்திலும் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு பிள்ளை.

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறேன் என்றதும் சின்னம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"சொந்த வீட்டப் பூட்டிப்போட்டு வாடகைக்குப் போறயா? ஆம்புளதான்கா கட்டின வீட்டுக்குப் போய் இரிக்கிறவன். பொம்புளைக்கு என்னத்துக்கு ஊர் மாறுற கத?"

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. அம்மாவும் அம்மாவின் அம்மாவும் அந்த வீட்டு வளவை விட்டு எங்கும் குடிபோனதில்லை. எந்த ஊரில் இருப்பது என்ற கேள்வி என் பரம்பரையில் ஒரு பெண்ணுக்கும் வந்திருக்காது. அதனால் அதற்கு எப்படிப் பதில் தேடுவது என்று கேட்கவும் எனக்கு ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை கொம்யூனிகேஷன் கடையில் கணவரின் அழைப்புக்குக் காத்திருந்து கேட்டேன்.

"எந்த ஊர் நல்லம் எண்டு நீங்க சொல்லுங்க."

"நான் இஞ்ச மணலுக்க இருந்து என்னத்தச் சொல்ற? நீதானே கண்ணால பாக்கிற."

"பாத்தா மட்டும் தெரியுமா?"

கம்பிக்குள் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "பிள்ள சாப்பிட்டிச்சா?" என்று கேட்டார். கண்ணால் பார்ப்பது என்று அப்போது முடிவுசெய்தேன்.

முதலில் கரடியனாற்றுக்கே போனேன். வைத்தியசாலை விடுதி இருந்தது, கிணறு நல்ல தண்ணீர், முற்றத்தில் இரண்டு கஜு மரம். அங்கிருந்த தாதி சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "மிஸ்ஸுக்குப் பிள்ளையள் இரிக்கா?"

"ஒரு மகள்."

"எத்தினையாம் வகுப்பு?"

"ஒன்பது."

சாவியை அவர் திரும்பவும் ஆணியில் மாட்டினார்.

திரும்பும் வழியில் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வேலியோரம் நின்ற சைக்கிள்களைப் பார்த்தேன். எல்லாம் சின்னச் சைக்கிள்கள். பெரியவையாக இருந்த ஒன்றிரண்டிலும் சீட்டைச் சட்டத்தோடு ஒட்ட இறக்கி விட்டிருந்தார்கள். வளர்ந்த பிள்ளை ஓட்டுகிற சைக்கிளில் சீட் மேலே நிற்கும். ஒவ்வொரு வருடமும் விரலளவு உயர்த்துவார்கள். என் மகளுடையதும் அந்தத் தைப்பொங்கலுக்குத்தான் உயர்த்தியது. கரடியனாற்றில் சீட் உயர்ந்த சைக்கிள் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பெரிய பிள்ளைகள் இல்லாத ஊர் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஊரைப் பார்க்கும் வழி ஒன்று அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. பின்னேரங்களில் ட்டியூஷன் கொட்டிலுக்கு வெளியே போய் நிற்பது. சைக்கிள் சீட்டுகளைப் பார்ப்பது.

மட்டக்களப்பு டவுனில் அப்படிப் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் அங்கே வீடு கிடைக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் முன்பணம் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு, "வேலை எந்தப் பக்கம்?" என்றார். கரடியனாறு என்றேன். "ஒவ்வொரு நாளும் அங்கால போய்வாற ஆளை வெச்சா, மறுகா ஆமி வந்து எங்களைத்தான் கேக்கும், தங்கச்சி. குறை நினைக்காதீங்க." இன்னொரு வீட்டில் மகளின் வயதைக் கேட்டதோடு கதவு பாதி சாத்தியது.

ஏறாவூர் முஸ்லிம்களின் ஊர். அங்கே நான் வழமையாகச் சீலை எடுக்கும் கடைக்கார நானாவிடமும் விசாரித்தேன். அவர் தேத்தண்ணி வரவழைத்துத் தந்துவிட்டு, நேராகவே சொன்னார்: "எங்கட ஊரில இரிங்க எண்டு வாயால சொல்லலாம் தங்கச்சி. ஒரு நாளைக்கு எங்கயாவது ஒண்டு நடந்து கடையெல்லாம் பூட்டினா, உங்களப் பாத்து நாங்க பயப்படுவம், எங்களப் பாத்து நீங்க பயப்படுவீங்க. அது என்னத்துக்கு?" அந்தத் தேடலில் என்னோடு உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

மிஞ்சியது செங்கலடி. சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், பாலத்துக்குக் கிட்ட. ஒரு புதன்கிழமைப் பின்னேரம் கணித வகுப்பு நடந்த ஓலைக்கொட்டிலுக்கு எதிரே, சோடாக் கடையில் போய் இருந்தேன். வேலி நெடுகச் சைக்கிள்கள். சீட் உயர்ந்தவை, கூடை வைத்த லேடீஸ் சைக்கிள்கள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி. உள்ளே யாரோ பகிடி விட்டிருக்க வேண்டும். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. அடுத்த கிழமையே குடிவந்தோம்.

வீட்டுக்காரி என்னைவிட மூத்தவர், அக்கா என்றே கூப்பிட்டேன். தனியே இருந்தார். எங்களுக்குத் தந்த அறைச் சுவரில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் படங்கள் ஒட்டியிருந்தன. பிய்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். முதல் ஞாயிற்றுக்கிழமை தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"மகன் எங்க அக்கா?"

"குருக்கள்மடத்தில. தங்கச்சி வீட்டில நிண்டு படிக்கான்."

எனக்குக் கை நின்றுவிட்டது. குருக்கள்மடம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாம்.

"நாங்க அங்க இருந்து பயந்துதானே அக்கா இஞ்ச வந்தம்!"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "அப்ப பஸ்ஸில ரெண்டு பேரும் ஒராளுக்கு ஒராள் கை காட்டியிருப்பாங்க கா!" நானும் சிரித்தேன். சிரித்து முடிந்தபின் இரண்டு பேரும் தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெதுவாகத்தான் மற்றதும் விளங்கியது. கணித வகுப்பில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் செங்கலடிப் பிள்ளைகள் இல்லை. பாலத்துக்கு அங்காலிருந்து, வாகரைப் பக்கமிருந்து, என்னைப்போல யாரோ கொண்டுவந்து விட்டவர்கள். ஊர்ப் பிள்ளைகள் வேறு எங்கேயோ, வேறு யாரோ ஒருவரின் அறையில். அதனால் அந்த ஊரில் யாரும் யாரோடும் நெருங்கவில்லை. எங்கே இருந்து வந்தீர்கள் என்று கேட்டால் ஏன் வந்தீர்கள் என்பதும் வந்துவிடும். கடையில், கிணற்றடியில், எல்லாரும் மழையைப் பற்றியே பேசினார்கள்.

மகளுக்கு நித்திரை வரவில்லை. "சத்தம் இல்ல அம்மா," என்றாள். எங்கள் வீட்டில் படுத்தால் கடல் கேட்கும். இங்கே வீதியில் போகும் இராணுவ வண்டி கேட்டது, அது போனபின் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் பின்னேரம் நான் கரடியனாற்றிலிருந்து வந்து சேர்ந்தபோது பாலம் பூட்டியிருந்தது. வழமையான நேரத்துக்கு முன்பே. எங்கேயோ வெடித்ததாக ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு முன்னால் நீண்ட வரிசை. அதற்கு அப்பால் சாவடியின் தகரக் கூரை. அதற்கும் அப்பால், கண்ணுக்கு எட்டாத இடத்தில், என் மகள் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போயிருப்பாள், அல்லது போயிருக்க மாட்டாள். வேலைக்குக் கிட்ட என்றும்தான் அந்த ஊரைத் தேர்ந்தேன். கிட்டத்தான் இருந்தது. கைத்தொலைபேசி எடுக்காத இடம் அது. வந்த வாகனத்திலேயே திரும்பிப் போய், நான் வேண்டாம் என்ற விடுதியில் தங்கினேன். தாதி தன் பாயில் பாதியைத் தந்தார். அந்த இரவைப் பற்றி எழுத இப்போதும் எனக்கு ஏலவில்லை.

காலையில் பாலம் திறந்ததும் ஓடினேன். வீட்டு வாசல் கடப்படியில் மகளின் சைக்கிள் நின்றது. அதைக் கண்டதும் உயிர் வந்தது. கிட்டப் போனபோது ஏதோ பிழையாகத் தெரிந்தது. சீட்டை அடிமட்டம்வரை இறக்கி, சட்டத்தோடு ஒட்ட வைத்திருந்தது. கைப்பிடியில் எங்கேயோ கிடந்த ஒரு சின்னப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் தொங்கியது.

மகள் அக்காவின் அறையில் படுத்திருந்தாள். என் குரல் கேட்டும் எழும்பவில்லை. கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"பொழுதுபட ரெண்டு பொடியன்மார் வந்தானுகள்," என்றார் அக்கா. "புதுசா வந்த பிள்ளைக்கு என்ன வயசு எண்டு கேட்டானுகள். சின்னப் பிள்ளை, ஆறாம் வகுப்பு எண்டன். ஒருத்தன் சைக்கிளச் சுத்திக் கிறுகிக் கிறுகிப் பாத்தான்."

"சீட்..."

"ஸ்பனர் எடுத்து நான்தான் இறக்கினன். நீ வரல்ல எண்டதும் இறக்கிட்டன். அவனுகள் முதல்ல பாக்கிறது சீட்டத்தான் புள்ள. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கரடியனாற்று வேலியோரம் இறக்கிய சீட்டுகளைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் இல்லை என்று நினைத்தேன். அந்த ஊர் தன் பிள்ளைகளை என்னிடமிருந்தும் சேர்த்துத்தான் ஒளித்து வைத்திருந்தது. சோடாக் கடையில் இருந்து நான் எதைப் பார்த்து நிம்மதியடைந்தேனோ, அதையேதான் அவர்களும் வேறு ஒரு கடையில் இருந்து பார்த்திருக்கிறார்கள்.

பிறகு தெரிவு என்று ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கிழமையே மகளை மலைநாட்டில் ஒரு கன்னியாஸ்திரிகள் விடுதியில் கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸில் அவள் என் தோளில் சாயவில்லை. இறங்கும்போது, "அம்மா, நீங்க எந்த ஊரில இரிப்பீங்க?" என்று கேட்டாள். செங்கலடியில் என்றேன். "என்னத்துக்கு?" என்றாள். வேலை அங்கேதானே என்றேன். அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். அங்கே குளிர் என்றுகூட எனக்கு யோசனை வரவில்லை. சுவெற்றர் ஒன்று வாங்கிக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

அவளுக்காகத் தேர்ந்த ஊரில் நான் தனியே இருந்தேன். அக்காவும் நானும் ஒரு பானையில் சமைத்தோம். அவருடைய மகனின் படங்களுக்குக் கீழே நான் படுத்தேன். மகளின் சைக்கிளை வாகரைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு பிள்ளைக்கு ஓடக் கொடுத்தேன். துருப்பிடிக்க விடுவதைவிட அது நல்லது என்று.

அடுத்த வருடம் ஒரு பின்னேரம் வேலையால் வந்து, சோடாக் கடைக்கு முன்னால் இறங்கினேன். கடை வாங்குப் பலகையில் ஒரு பெண் இருந்தார். மடியில் தோல்பை, காலில் பயணப் புழுதி. சோடாவைக் குடிக்காமல் எதிரே கணிதக் கொட்டிலின் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறார் என்று எனக்குக் கேட்கத் தேவையில்லை. வேலி நெடுகச் சைக்கிள்கள் நின்றன. எல்லாவற்றிலும் சீட் கீழே.

என் வெள்ளைச் சீருடையைக் கண்டு அவர் கேட்டார்: "மிஸ், இது சின்னப் பிள்ளையள்ர வகுப்பா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் எழும்பி வேறு ஊர் பார்க்கப் போயிருப்பார். இல்லை என்றால் இங்கேயே அறை தேடியிருப்பார். எது அவருடைய பிள்ளைக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் இரிங்க," என்றேன். "வகுப்பு விடப்போகுது."

நானும் வாங்கில் இருந்தேன். வகுப்பு விட்டது. வளர்ந்த பிள்ளைகள், மீசை அரும்பிய பொடியன்கள், இரட்டைப் பின்னல் போட்ட பிள்ளைகள் வெளியே வந்து அந்தத் தாழ்ந்த சீட்டுகளில் குந்தினார்கள். முழங்கால் கைப்பிடியில் இடிக்க இடிக்க, குழந்தைச் சைக்கிளில் ஏறிய பெரிய ஆட்களைப்போல மிதித்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பழகிவிட்டது. மகளின் நீலச் சைக்கிளும் போனது.

அந்தப் பெண் கடைசிச் சைக்கிள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையைத் தோளில் போட்டார்.

"எங்கட ஊரிலயும் இப்படித்தான் மிஸ்," என்றார். "அடுத்த பஸ் எத்தினைக்கு?"

"எந்தப் பக்கத்துக்கு?"

அவர் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார்.