ஆமென் சொல்லுமுன் திறந்த மூடி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இந்த வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதுகிற ஆள் இல்லை. மற்றவர்கள் எழுதுவதற்குக் கை கூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவேன். சபை இரண்டாகப் பிரிந்த பிறகும் இந்தப் பழைய குழுவை மட்டும் ஒருவரும் கலைக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நனைந்த ஜாக்கெட்டுகளின் வாசம்... ஹீட்டர் மேல் காயப்போட்ட கம்பளித் தொப்பிகள்... இரண்டையும் மீறிக்கொண்டு வரும் கோழிக்கறி.

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபம் சனிக்கிழமை மத்தியானங்களில் அப்படித்தான் மணக்கும். நான் அப்போது ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாஸ்டர் அண்ணை பிரசங்கிப்பார். அவருடைய தங்கை செல்வி அக்கா சமைப்பார். விசா இழுபடுகிறவர்கள், அறையில் அடுப்பு இல்லாத மாணவர்கள், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத பக்கத்துத் தெரு வெள்ளைக்காரக் கிழவர்கள்... எல்லாரும் வருவார்கள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடைசி ஜெபம் முடிந்து ஆமென் சொல்லும்வரை சட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது.

என்னுடையது பேச்சில்லாத வேலை. ஒவ்வொரு பேப்பர் பிளேட்டுக்கும் அடியில் நற்செய்தி அச்சடித்த கைப்பிரதித் தாள் ஒன்றை வைப்பது. சாப்பிட்டு முடித்தால் தாளில் எண்ணெய் படிந்திருக்கும்.

"கறி பட்டாத்தான், பிள்ளை, வாசிக்கினம்," என்று அக்கா சிரிப்பார்.

"வாசிச்சாச் சரி. அடுத்த முறை உறைப்பைக் குறை. வசனம் அழியுது," என்பார் அண்ணை.

அந்த மண்டபத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஒரே பிளேட்டில் இரண்டு பேருடைய வேலையும் இருக்கும்.

பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. வாடகை வீட்டுக்காரர் வெளியே போகச் சொன்ன ஒரு தாய், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு எங்களிடம் வரத் தொடங்கினார். அவர்களுக்கு வீடு கேட்டுச் சபையாக எல்லாரும் கவுன்சில் அலுவலக வாசலில் போய் நிற்கவேண்டும் என்றார் அக்கா. அண்ணை மறுத்துவிட்டார். சமையலறையில் பேசியது எனக்கு இன்னும் அப்படியே கேட்கிறது.

"பிரதியை விரிச்சோ அண்ணை அந்தப் பிள்ளையள் படுக்கிறது?"

"கவுன்சிலோட சண்டை பிடிக்க இந்த ஊரில எத்தனையோ பேர் இருக்கினம், செல்வி. சிலுவையைச் சொல்ல எங்களை விட்டா ஆர் இருக்கினம்?"

அண்ணை வீம்புக்குச் சொல்லவில்லை. லண்டனுக்கு வந்த புதிதில் அவர் குடித்துத் திரிந்தவர். அத்தனை காலமும் அக்காதான் சமைத்துப் போட்டார். குடி நிற்கவில்லை. ஸ்ட்ரெதத்தில் ஒரு பஸ் தரிப்பில் முன்பின் தெரியாத ஒருவர் சொன்ன நாலு வேத வார்த்தையில்தான் நின்றது.

"உன்ர சோறு என்னை உயிரோட வைச்சது. ஓம். ஆனா எழுப்பினது வசனம்."

"உயிரோட இருந்தபடியாத்தானே எழும்பினனீங்கள்."

நான் பிளேட்டுகளை அடுக்கிக்கொண்டே நின்றேன். இருவரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தாயும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருந்தார்கள். அண்ணையின் பிரசங்கம் அன்று நீண்டுகொண்டே போனது. அக்காவுக்குப் பதில் சொல்வது போல. சின்னவள் சிணுங்கத் தொடங்கினாள். தாய் அவள் வாயைப் பொத்தினார்.

அக்கா மூடியைத் திறந்தார்.

சத்தம்கூட வரவில்லை. வாசம்தான் வந்தது. எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. அண்ணை பைபிளை மூடினார்.

"சாப்பிடுங்கோ," என்றார்.

அன்றைக்கு யாரும் ஆமென் சொல்லவில்லை.

சில வாரங்களில் அண்ணை ஸ்ட்ரெதத்தில் வேறு இடம் பார்த்தார். பாதிப் பேர் அவரோடு போனார்கள். மீதிப் பேர் அக்காவோடு நின்றார்கள்.

நான் யூனிவர்சிட்டிக்குப் போனேன். எங்கள் வீட்டில் முதலாவது ஆள். அங்கே கிறிஸ்தவ மாணவர்கள் ஒரு நாள் மேசையைச் சுற்றி இருந்து, பிரசங்கம் முதலா, சமூகப் பணி முதலா என்று அழகாக விவாதித்தார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை, ஒருவருக்கும் பசிக்கவும் இல்லை. என்னையும் கேட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு கேள்வி. எனக்கு அது ஓர் அண்ணனும் தங்கையும்.

இப்போது ஒரு சனிக்கிழமை ஸ்ட்ரெதத்துக்குப் போகிறேன், மறு சனிக்கிழமை தோர்ண்டன் ஹீத்துக்கு. அண்ணையின் பிரசங்கம் முன்பை விட ஆழம். முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போகக் கார் திறப்பைத் தேடுகிறார்கள். அக்காவிடம் இப்போது பெரிய சமையலறை. கவுன்சில்காரரே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்தத் தாய்க்கும் வீடு கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அக்கா எந்த ஆண்டவருக்காக அடுப்படியில் நிற்கிறார் என்று தெரியுமோ தெரியாது. தெரியாமலே வயிறு நிறைந்து போகிறார்கள். அதுவும் நல்லதுதான்... ஆனாலும்.

"இந்தக் கிழமை அங்கயோ போனனீ?" என்று இரண்டு இடத்திலும் கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் சிரித்துச் சமாளிக்கிறேன்.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

எனக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. படிப்பு முடியட்டும் என்று எல்லாரிடமும் சொல்லி வந்தேன். படிப்பு முடிந்துவிட்டது. காரணம் அதுவல்ல. எந்தச் சபையின் தண்ணீரில் இறங்கினாலும் மற்றச் சபையை விட்டுப் போனதாக ஆகிவிடும். அதுதான் பயம்.

அண்ணை, அக்கா... இரண்டு பேரும் இதை வாசிப்பீங்கள் எண்டு தெரியும். ஈஸ்டருக்கு நான் ஞானஸ்நான முழுக்கு எடுக்க விரும்புறன். எந்த இடமெண்டாலும் சரி. எனக்குத் தண்ணியெண்டாப் பயம், ஒரு ஆள் பிடிச்சாக் காணாது. ஒரு பக்கம் நீங்கள் பிடியுங்கோ அண்ணை. மற்றப் பக்கம் அக்கா பிடிக்கட்டும்.