அம்மா எண்ணெய் வைத்த கல்

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாசி பிறந்த சமயம். நாகலாபுரம் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரு மழை விழாதா என்று கரிசல் காடெல்லாம் உழுது போட்டபடி கிடந்தது. ஊர் மழைக்குக் காத்திருந்தது. எங்கள் வீட்டில் அம்மா தம்பிக்குக் காத்திருந்தாள்.

தம்பி கல்லூரியில் எடுத்தது நிலவியல். "மானம் பாத்த பூமியில பொறந்துட்டு மலையப் படிச்சு என்னலே செய்யப் போற?" என்று நான்தான் அதிகம் கேலி செய்வேன். அவனுக்குக் கோபமே வராது. ஒருநாள் ஜமுக்காளத்தை விரித்து, ஒரு முனையிலிருந்து நானும் மறுமுனையிலிருந்து அம்மாவும் தள்ள வேண்டும் என்றான். தள்ளினோம். நடுவில் மடிப்பு மடிப்பாக எழுந்தது.

"இந்தப் பக்கம் நம்ம நாடு, அந்தப் பக்கம் ஆசியா. ரெண்டும் நெருக்குனதுல நடுவுல கெடந்த கடல்தரை மடிஞ்சு எந்திரிச்சிட்டு. அதாம்மா இமயமலை. இன்னமும் வளருது. நம்ம கழுகுமலை கிழவன், அசையாது. அது சின்னப் பய, ஒரு எடத்துல நிக்காது."

"அப்ப உன்னைய மாதிரின்னு சொல்லு" என்றாள் அம்மா.

அந்த மலையில் சாலை போடும் இடத்தில்தான் அவனுக்கு வேலை கிடைத்தது. ஆடி மாத அடைமழையில் மலை சரிந்து, பாறையைப் பார்க்கப் போன என் தம்பியை மூடிவிட்டது. பல நாள் தேடிவிட்டு, உடல் கிடைக்காது என்று போனில் சொன்னார்கள்.

அம்மா நம்பவில்லை. "மொகத்தப் பாக்காம எப்படிட்டி காரியம் செய்ய? எம்புள்ள எந்த ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடக்கானோ" என்றாள். ராத்திரி அவன் பங்குச் சோற்றை மூடி வைப்பாள். காலையில் மாட்டுக்கு வைப்பாள். தான் சரியாகச் சாப்பிடுவதில்லை. கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. அம்மாவையும் இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அப்போதுதான் தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருந்த வடக்கத்திப் பையன் வருவதாகச் சொன்னான். கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு நான் போனேன். தம்பியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கியவன், என்னைக் கண்டதும் "யக்கா, நல்லா இருக்கியளா?" என்றான். அவனுக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சத் தமிழும் என் தம்பி சொல்லிக் கொடுத்தது. அதே இழுவை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் பிளாட்பாரத்திலேயே அழுதுவிட்டேன்.

வீட்டில், தம்பியின் சட்டையில் சுற்றி வைத்திருந்த ஒரு கல்லை எடுத்து அம்மா முன்னால் வைத்தான்.

"மல அவன் மேல விழுந்துச்சு. இது அந்த மல."

"நீ கண்ணால பாத்தியாய்யா?"

ஆமென்று தலையசைத்தான். "நான் தோண்டுனேன்மா" என்று கையை நீட்டினான். இரண்டு விரல்களில் நகம் இன்னும் முளைத்திருக்கவில்லை.

அம்மா அந்த விரல்களை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் நல்லெண்ணெயும் சீயக்காயும் எடுத்து வந்தாள். எங்கள் பக்கம் இறந்தவர் தலையில் எண்ணெய் சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டித்தான் அனுப்புவோம். பிள்ளையின் உச்சியில் வைக்க வேண்டியதை அம்மா அந்தக் கல்லில் வைத்தாள். எண்ணெய் பட்டதும் கல்லில் வரிவரியாக மடிப்புகள் தெரிந்தன. அன்று ஜமுக்காளத்தில் பார்த்தோமே, அதே மடிப்புகள். அதைப் பார்த்துத்தான் அம்மா முதன்முதலாக வாய்விட்டு அழுதாள்.

காரியத்தன்று ஒரு கல்லை ஊன்றி, அதையே இறந்தவராக நினைத்துப் படையல் வைத்து, முடிவில் தண்ணீரில் விடுவது எங்கள் வழக்கம். அந்தக் கல்லையே ஊன்றினோம். யாரும் கேட்காமலே அந்தப் பையனும் மொட்டை போட உட்கார்ந்துவிட்டான்.

வேம்பார் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அம்மாதான் கல்லை விட்டாள். கரையேறியதும் என்னிடம் கேட்டாள்: "கடல்ல கெடந்துதான மலையாச்சுன்னான். இங்கனருந்து மறுபடி எந்திரிச்சு வர எம்புட்டு நாளாகும்ட்டி?"

கோடிக்கணக்கான வருடம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "கொஞ்ச நாளாகும்மா" என்றேன்.

அன்று ராத்திரி அம்மா அவன் பங்கை மூடி வைக்கவில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆனால் இன்றைக்கும் ஜமுக்காளத்தை விரிக்கும்போது நடுவில் ஒரு மடிப்பு எழுந்துவிட்டால், அதை நீவிவிட எங்கள் இருவருக்கும் கை வருவதில்லை. அதற்கு இடம் விட்டு ஓரமாகப் படுத்துக்கொள்கிறோம்.