விட்ட விராலைத் தேடி ஒரு பகல்

காலை 6.10. சென்னை ரயில் தஞ்சாவூரில் என்னை இறக்கிவிட்டபோது கையில் தூண்டில் கோலும் பையில் தூண்டில் இரையாக 350 ரூபாய்க்கு வாங்கிய ரப்பர் தவளையும் இருந்தன. நாற்பத்தாறு வயதில் மீன் பிடிக்கப் பழகக் கிளம்பியவன் நான். மூன்று மாதம் வீடியோ பார்த்ததுதான் தகுதி. கரையில் நின்றே விரால் பிடிக்கலாம், டெல்டா முழுக்க வாய்க்காலும் குளமும்தான் என்று அவற்றில் சொன்னார்கள். எந்த வாய்க்கால், எந்தக் குளம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பட்டுக்கோட்டைப் பேருந்தில் ஏறி ஒரத்தநாட்டில் இறங்கினேன். டிக்கெட் 25 ரூபாய். ஆட்டோ ஓட்டுநர் மாரிமுத்து நாள் முழுக்க 800 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்.

8.20. முதலில் வரைபடத்தில் பார்த்து நான் கேட்ட கல்லணைக் கால்வாய். இங்கே அதைப் புதாறு என்கிறார்கள். தண்ணீர் கரை தொட்டு ஓடியது. வீசிய தவளையை ஆறு இழுத்துப் போய் பாலத்தடியில் சிக்க வைத்தது. அதை மீட்கவே முக்கால் மணி நேரம்.

"ஓடுற தண்ணியில விரால் நிக்காது சார்" என்றார் மாரிமுத்து.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க புதாறுன்னுதான சார் சொன்னீங்க."

9.40. ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு குளம். ஒரு பக்கம் சம்பா நாற்றங்கால், மறுபக்கம் தென்னை. யாரிடம் அனுமதி கேட்பது என்றேன். "ஊர்க் குளந்தான், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். அல்லி இலைகளுக்கு நடுவே தண்ணீர் சிவப்பாக நெளிந்தது. நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். காவலுக்குத் தாயோ தகப்பனோ அடியில் நிற்கும் என்றார் மாரிமுத்து. அங்கேதான் வீச வேண்டும் என்று ஒரு வீடியோ சொல்லியிருந்தது. வீசவே கூடாது என்று இன்னொன்று. குழம்பி நிற்கும்போதே கை வீசிவிட்டது.

தண்ணீர் வெடித்தது. என் வாழ்க்கையின் முதல் மீன், ஒன்றரைக் கிலோ இருக்கும், புல்லில் வாய் பிளந்து கிடந்தது. குளத்தில் சிவப்பு வட்டம் சிதறி அங்கும் இங்கும் ஓடியது. எனக்குத் தாங்கவில்லை. முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டேன். பெரிய மனிதன் ஆகிவிட்டதுபோல் இருந்தது.

"விட்டுட்டீங்களா?"

பின்னால் தவிட்டு வாளியோடு ஒரு பெண்மணி. பெயர் விஜயா. குளத்தை இந்த வருடம் ஏலம் எடுத்தவர்.

"குஞ்சுங்க பாவம்னுதான் அக்கா..."

"எந்தக் குஞ்சு பாவம்? பத்து நாளைக்கு முன்னாடிதான் ரெண்டாயிரம் கெண்டக் குஞ்சு வாங்கி விட்டேன். அதைத் தின்னு தீக்கிறதே இதுங்கதான். உங்க புண்ணியத்துக்கு என் குளந்தான் கெடச்சுதா?"

மாரிமுத்து தன் ஆட்டோவின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்காமப் போட்டது தப்புதான்" என்றேன்.

"போட்டது போட்டீங்க. திரும்பப் புடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

10.30 முதல் வீசினேன். விஜயா தவிட்டைத் தூவினார். விரல் நீளக் கெண்டைகள் மேலே வந்து வாய் திறந்தன. அந்தப் பக்கம் சிவப்புக் குஞ்சுகளும் மறுபடி ஒன்றுசேர்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே பெரிய விரால் ஒருமுறை எழுந்து காற்றுக் குடித்துவிட்டு இறங்கியது. நான் விட்டதா, அதன் ஜோடியா? தெரியவில்லை. ஒரு மணிக்கு விஜயா சொம்பில் மோர் கொடுத்தார். கோபம் போய்விட்டதா என்றும் தெரியவில்லை.

2.15. கடைசியாக வீசினேன். தவளையை விரால் கவ்வியது. கவ்வியதும் இழுக்கக் கூடாது, மீன் அதை முழுதாக வாய்க்குள் வாங்கட்டும் என்று இரண்டு நொடி பொறுக்க வேண்டும். இது ஒன்றில்தான் எல்லா வீடியோக்களும் ஒத்துப்போயின. எனக்கும் நன்றாகத் தெரியும். நான் உடனே இழுத்தேன். தவளை மட்டும் பறந்து வந்து காலடியில் விழுந்தது.

"அவசரப்பட்டுட்டீங்களே தம்பி" என்றார் விஜயா.

"ஆமாக்கா, புதுசு" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாளியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

3.30 பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சென்னையில் நான் கை காட்டும் மீனைக் கடைக்காரர் வெட்டித் தருவார். அது எதற்குத் தாய், எதற்குப் பகை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவசரமாக இழுத்தது பழக்கமில்லாத கையா, விராலைத் தப்பவிட வேண்டுமென்றே இழுத்த கையா என்று தஞ்சாவூர் வரை என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். விரலிடுக்கில் காலையில் பிடித்த விராலின் வாடை இன்னும் போகவில்லை.