எதிர் வீட்டு வெயில்

குன்னூரில் எங்கள் வீடு சாலைக்குக் கீழே இருக்கிறது. சாலையில் போகிறவர்கள் கண்ணில் எங்கள் மொட்டை மாடி மட்டும்தான் படும். அதையும் சாலையை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தளம் என்றே நினைப்பார்கள். வீடு அதற்கு அடியில். பக்கவாட்டில் செங்குத்தாகப் படியிறங்கி வர வேண்டும். அந்தப் படிகள் எத்தனை என்று நான் எண்ணியதே இல்லை. வயசு இருந்தபோது எண்ணத் தோன்றவில்லை, பிறகு எண்ணினால் மலைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பிக்கப் வண்டி ஓட்டியவர். இத்தலாரில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு வருவார். வண்டி ஓட்டாத நேரத்திலும் வீடு தங்க மாட்டார். டீக்கடையில் இருப்பார், ஒர்க்‌ஷாப்பில் இருப்பார், யார் வீட்டுக்கோ பெண் பார்க்கக் கூடப் போயிருப்பார். சோறு ஆறிக்கொண்டிருக்கும், நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தேடக் கிளம்புவேன். பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

"சொல்லிட்டுப் போனா என்னுங்க?" என்று கேட்டால், "எங்க போறேன்னு போனாத்தானே புள்ள எனக்கே தெரியும்" என்பார். அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு வராத கோபம் இல்லை.

அப்புறம் ஒருநாள் பக்கவாதம் வந்து அவருடைய இடது காலும் கையும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. சமதளத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பார். படி மட்டும் முடியாது. அதன் பிறகு அவரைத் தேடும் வேலை எனக்கு இல்லை. எப்போது வந்தாலும் அதே கட்டில், அதே ஜன்னல்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி மேலே கொண்டுவருவார்கள். ஆட்டோக்காரர் ஒருவர், தெருவில் அகப்படுகிற இரண்டு பேர், நிரந்தரமாக எதிர் வீட்டு அண்ணன். அவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படியேறும்போது நாற்காலியின் பின்கால் பக்கம்தான் முழுக் கனமும் இறங்கும். அந்தக் காலை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். என் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லை. மலைப்பாதை வளைவெல்லாம் கைக்குள் வைத்திருந்தவருக்கு, தன்னை ஊரே சுவாமி புறப்பாடு மாதிரி தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போகப் போக, "இந்த மாசம் ஆஸ்பத்திரி வேண்டாம் புள்ள" என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்கு அடுத்த மாதமும் அதையே சொன்னார். இவரை இப்படியே விட்டால் அந்தக் கட்டிலோடு முடிந்துவிடும் என்று தோன்றியது.

மொட்டை மாடி சாலை மட்டத்தில்தானே இருக்கிறது, அதன்மேல் ஓர் அறை கட்டி, சாலைப் பக்கம் கதவு வைத்தால் படியே வேண்டாம் என்று யோசனை வந்தது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிளான் போடுகிறவரிடம் போனேன். அவர் உற்சாகமாக வரைந்து கொடுத்துவிட்டு, கடைசியில்தான் சொன்னார்.

"ஒரு சிக்கல் இருக்குதுங்க அக்கா. மலையில இவ்வளவு உசரத்துக்கு மேல கட்டக் கூடாதுன்னு கணக்கு இருக்கு. ரோட்டுல இருந்து பாத்தா உங்களுது ஒத்தை ரூமு. ஆனா அவங்க அளக்கறது கீழ அஸ்திவாரத்துல இருந்து. விதிவிலக்கு கேக்கோணும். ஊட்டியில இருக்கற கமிட்டிதான் முடிவு பண்ணும்."

நகராட்சியில் மனுக் கொடுத்தோம். ஆட்சேபணை உண்டா என்று எதிர் வீட்டுக்கும் நோட்டீஸ் போயிற்று. அண்ணன் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவர் வீடு சாலைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி. காலை வெயில் எங்கள் மாடிக்கு மேலாக வந்துதான் அவர் வாசலில் விழும். ஃபேக்டரித் தூசியில் கெட்டுப்போன நெஞ்சு அவருக்கு. குளிர் காலத்தில் அந்த வெயிலில் உட்கார்ந்தால்தான் இருமல் அடங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒரு மனுசன் நடமாடுவதா, ஒரு மனுசன் வெயில் காய்வதா, எது பெரிது என்றுதான் கேட்டேன். நேரிலேயே கேட்டேன்.

"ஏனுங்ணா, நீங்க பண்ணறது உங்களுக்கே நல்லாருக்குதுங்களா?"

"நல்லால்லீங்க அம்மிணி" என்றார். "ஆனா அந்த வெயில் போச்சுன்னா எனக்கு மூச்சே விட முடியாதுங்க. எழுதாம என்ன பண்ணட்டும்?"

சண்டையிலும் வாங்க போங்க குறையாத ஊர் எங்களுடையது. அதுவே எரிச்சலை இன்னும் கூட்டியது. மறு வாரம் ஆஸ்பத்திரி நாள். நான் கூப்பிடவில்லை. நாற்காலியை வெளியே எடுத்து வைத்தபோது அண்ணன் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். வழக்கம்போலப் பின்காலைப் பிடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாற்காலியில் இருந்தவர் அன்றைக்கு மட்டும் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கமிட்டி கூடிய நாளில் ஊட்டிக்குப் போனேன். நீளமான அறை. நகரமைப்புக்கு ஒருவர், காட்டுக்கு ஒருவர், மண்ணுக்கு ஒருவர், நடுவில் தலைமை தாங்கிய ஓர் அம்மையார். எங்களுக்கு முன்னால் மசினகுடியில் ரிசார்ட் வைத்திருக்கிற ஒருவர் முறை. பெரிய பெயர்ப்பலகை வேண்டும், இராத்திரி முழுக்க அதில் விளக்கு எரிய வேண்டும் என்று கேட்டார். வழி தெரியாமல் வண்டிகள் திரும்பிப் போய்விடுகின்றனவாம்.

"வண்டிக்கு வழி தெரியணும், சரி. யானைக்கு வெளிச்சம் வேண்டாமே" என்றார் காட்டு அதிகாரி. சின்ன மரப்பலகை, விளக்குக் கிடையாது என்று முடிந்தது. இவ்வளவு சுளுவாக வெட்டிவிடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டுக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அம்மையார் அதைத் தொடவில்லை.

"உடம்பு சரியில்லாதது ஆளுக்கும்மா. கட்டடம் அதுக்கப்புறமும் இருக்கும். நாங்க பார்க்கறது வேற. இந்தக் கஷ்டம் நிலத்தோட அமைப்பால வந்ததா, நீங்களே வரவழைச்சதா? வேற வழி இல்லையா? தேவையான அளவுதான் கேக்கறீங்களா? பக்கத்துல இருக்கறவங்களுக்கு நஷ்டமா? அவ்வளவுதான்."

நிலம் அப்படித்தான், என் அம்மாவைப் பெற்ற அப்பிச்சி காலத்திலிருந்தே சாலைக்குக் கீழேதான் என்றேன். மண் அதிகாரி தலையாட்டினார். அதற்குள் நகரமைப்பு அதிகாரி பிளானில் விரலை வைத்தார்.

"ரோட்டுல இருந்து தனி வாசல். வெஸ்டர்ன் டாய்லெட். பள்ளத்தாக்கைப் பார்த்து அகலமா ஜன்னல். ஏம்மா, இது டூரிஸ்ட்டுக்கு விடற காட்டேஜ்தானே?"

தனி வாசல், அவரால் படியேற முடியாது என்பதால். டாய்லெட், அவரால் குத்துக்காலிட முடியாது என்பதால். ஜன்னல், நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார் என்பதால். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அசல் காட்டேஜ். அதிகாரி சந்தேகப்பட்டதையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தெருவிலேயே மாமியாருக்கு என்று சொல்லிக் கட்டிய அறையில் இப்போது வாரத்துக்கு ஒரு தேனிலவு ஜோடி தங்குகிறது. மாமியார் பழைய அறையிலேயே இருக்கிறார்.

"மாடியில கம்பு நட்டு, கட்டப் போற உயரத்துல துணி கட்டி வைங்க. நேர்ல வந்து பார்த்துட்டு முடிவு பண்றோம்" என்றார் அம்மையார்.

எங்கள் ஊரில் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ் கம்புகள் நான்கு நட்டு, கடையில் மிச்சமிருந்த யூனிஃபார்ம் துணிகளை ஒன்றோடொன்று தைத்துச் சுற்றிலும் கட்டினேன். காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது அண்ணன் வாசலில் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார். துணியின் நிழல் விழ விழ, அவர் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டே போனார். கடைசியில் நகர்த்த இடமில்லாமல் மஃப்ளரை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் இதை வீட்டில் சொன்னேன்.

"உசரத்தைக் கொறைச்சுடு புள்ள. நான் அதுக்குள்ள பந்து வெளையாடவா போறேன்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கமிட்டி சொல்லட்டும், பாத்துக்கலாமுங்க" என்றேன். ஆட்சேபணை எழுதியவருக்கு நானாக இறங்கிப் போவதா என்ற வீம்பு.

ஜீப் வந்தது நல்ல வெயிலடித்த காலை. அம்மையாரும் நகரமைப்பு அதிகாரியும் கம்புகளை அளந்தார்கள், படியில் பாதி தூரம் இறங்கிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். பிறகு சாலையைத் தாண்டி அண்ணன் வாசலில் போய் நின்றார்கள். நிழல் அவர் நாற்காலிமேல் விழுந்திருந்தது. சாட்சி சொல்ல வேறு ஒன்றும் தேவையில்லை. ஒரு நோயாளி வீட்டில் இருப்பதை இரண்டு பேரும் எட்டிப் பார்த்திருந்தார்கள். ஆனால் நோயாளி கீழே இருக்க, மேலே வாடகைக்கு விடுவதுதானே இந்த ஊர் வழக்கம்.

நகரமைப்பு அதிகாரி அண்ணனிடம் குரலைத் தணித்து, "நீங்க எதிர்லயே இருக்கீங்க. உள்ளதைச் சொல்லுங்க. இது காட்டேஜுக்குத்தானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அதோடு அறையும் போகும், அவருடைய வெயிலும் மிஞ்சும். நான் சாலையின் இந்தப் பக்கம் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் இருமினார்.

"காட்டேஜுங்களா? அந்த மனுசனை இந்தப் படியில தூக்கிட்டு வர்றதே நானுங்க. நாளாக நாளாக மேல வர்றதுக்கே மாட்டீங்கறாருங்க. அவுரு நடந்து ரோட்டுக்கு வரோணும், அதுக்குத்தான் இந்த ரூமு. எனக்கு வெயில் வேணுமுங்க, நான் இல்லீன்னு சொல்லலை. அது வேற. அதுக்காகப் பொய் சொல்லச் சொன்னா எப்பிடிங்க?"

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சாலையைத் தாண்டிப் போய், அம்மையாரைப் பார்த்துக் கேட்டேன்.

"கூரையை எவ்வளவு எறக்குனா அண்ணனுக்கு வெயில் வருமுங்க? அவ்வளவு எறக்கிக்கறேன்."

மறுபடி மாடிக்கு வந்தோம். நான் துணியை அவிழ்த்து அவிழ்த்துக் கீழே இறக்கினேன். அண்ணன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னுங் கொஞ்சம், சித்த எறக்குங்க அம்மிணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூரை சாலைப் பக்கமாகச் சரியட்டும், அறை இரண்டடி பள்ளத்தாக்குப் பக்கம் தள்ளிப் போகட்டும் என்று அதிகாரி சொல்லச் சொல்ல, வெயில் முதலில் அவர் காலுக்கும், பிறகு மடிக்கும் வந்தது. நெஞ்சுக்கு வந்ததும் கையைத் தூக்கிப் போதும் என்று காட்டினார். அந்த இடத்தில் கம்பில் கோடு போட்டுக்கொண்டார்கள். வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கிறேன், வெயிலுக்கு அளவெடுத்தது அன்றைக்குத்தான்.

உத்தரவு வந்துவிட்டது என்று நகராட்சியிலிருந்து போன் வந்தபோது நான் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் வாடகைக்கு விடக் கூடாது, சாலைப் பக்கம் எந்தப் பெயர்ப்பலகையும் எப்போதும் மாட்டக் கூடாது, தாங்குசுவரில் தண்ணீர் வடியத் துளை விட வேண்டும் என்று நிபந்தனைகளைப் படித்தார்கள். எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்றேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் மிதியைத் தொடவில்லை. உடம்பிலிருந்து ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பெண், "உடம்பு சரியில்லீங்களாக்கா?" என்று கேட்டாள். இப்போதுதான் சரியானது என்றேன்.

அறை எழும்பியது. கூரை கொஞ்சம் தாழ்வுதான். உயரமானவர்கள் வந்தால் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒருமுறை நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்து அங்கே விட்டோம். அன்றைக்கும் பின்காலை அண்ணன்தான் பிடித்தார்.

அதற்கு அடுத்த வாரம் மத்தியானம் கடையிலிருந்து வந்து, கீழே சோறு வடித்து மேலே எடுத்துப் போனேன். கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் ஆள் இல்லை, வாக்கரும் இல்லை. வளைவு வரை ஓடினேன். டீக்கடையில் கேட்டேன், இப்போதுதான் குடித்துவிட்டுப் போனார் என்றார்கள். பால் பூத்துக்குப் போனேன், அங்கேயும் வந்து போயிருந்தார். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே திரும்பி வந்தால், எதிர் வீட்டு வாசலில் இரண்டு நாற்காலி. அண்ணன் ஒன்றில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இவர், அந்தப் பழைய பிளாஸ்டிக் நாற்காலியில், காலை நீட்டிக்கொண்டு.

"ஏனுங்க, சொல்லிட்டுப் போகக் கூடாதுங்களா?"

"எங்க போறேன்னு போனாத்தானே புள்ள தெரியும்" என்றார்.

சோறு ஆறிப்போயிருந்தது. சாலையிலேயே நின்று அவரைத் திட்டித் தீர்த்தேன். திட்டத் திட்ட மனசு நிறைந்துகொண்டே வந்தது.