கையில் துணி சுற்றிக் கல்லுடைத்தோம்

அறையில் இருந்தவர்கள் இவர்கள். நான். என்னோடு கப்பலுக்குப் பெயின்ட் அடித்த மலையாளி குட்டன். கொதிகலன் பகுதிச் சீனக் கிழவர் ஒருவர். பதினைந்து வருஷமாகியும் அவர் பேரை நான் சரியாகச் சொன்னதில்லை. கிரேன் ஓட்டிய மலாய்க்காரர் இரண்டு பேர், அண்ணன் தம்பி. மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட சீன ஆபீசர். டைப் அடிக்கிற பெண். மேலே காற்றாடி. எங்கள் எல்லாருக்கும் நாற்காலி. வேலை போனவனுக்கு நாற்காலி போடுகிற சர்க்காரை நான் சிங்கப்பூரில்தான் பார்த்தேன். வெள்ளைக்காரன் கப்பல் தளத்தை மூடிக்கொண்டு போகிறான். ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை இல்லை. லேத் ஓட்டச் சொல்லித் தருகிறோம், மூன்று மாசம் படி, இல்லையென்றால் ஊருக்குக் கப்பலேறு என்று இந்தச் சர்க்கார் சொல்கிறது. எது என்று அன்றைக்கே சொல்ல வேண்டும். நான் முடிவு பண்ணாமல்தான் போயிருந்தேன்.

தளத்துக்கு வருவதற்கு முன்னால் என்ன வேலை, 'கெர்ஜா அபா' என்று ஆபீசர் மலாயில் கேட்டார். நெசவுக்கு மலாய்ச் சொல் எனக்கு வரவில்லை. உட்கார்ந்தபடியே காலால் மிதித்து, கையால் கயிற்றை இழுத்துக் காட்டினேன். தலையாட்டி எழுதிக்கொண்டார். லாரி டிரைவர் என்று எழுதியிருக்கிறார் என்று குட்டன் எட்டிப் பார்த்துச் சொன்னான். நான் மறுக்கவில்லை. பிறகு விரல் எல்லாம் இருக்கிறதா பார்க்க வேண்டும், கையை நீட்டு என்றார். நீட்டினேன். திருப்பிப் பார்த்தார். நல்ல கை என்றார். எனக்கு வாப்பாவின் கை ஞாபகம் வந்தது.

ஊரை விடுவதற்கு முன்னால் நடந்தது. அப்போது எனக்கு இருபது வயசு. தென்காசியில் எங்கள் தெருவில் தறி நின்றுவிட்டது. நெய்த சேலையும் இடுப்பில் கட்டுகிற சாரமும் கடைகளில் அடுக்கடுக்காய்க் கிடந்தன. வாங்க ஆள் இல்லை. புதுசாய் நூல் கொடுப்பாரும் இல்லை. சர்க்கார் தெருக்கோடியில் கஞ்சித்தொட்டி திறந்தது. வாப்பா போகமாட்டார். உம்மா தெருவுக்கு வரமாட்டாள். தூக்குவாளியோடு நான்தான் நின்றேன். வரிசையில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கொஞ்ச நாளில் இன்னொரு உத்தரவு வந்தது. உடம்பில் தெம்புள்ள ஆண்களுக்குக் குற்றாலம் ரோட்டில் ஜல்லி உடைக்கிற வேலை. ஆனால் வேலைக்குப் பேர் கொடுத்த வீட்டுக்குக் கஞ்சி கிடையாது. வாப்பா தன் பேரையும் என் பேரையும் கொடுத்தார். எங்கள் கஞ்சிச்சீட்டை அங்கேயே கிழித்துப் போட்டார்கள். வீட்டில் உம்மாவும் எட்டு வயசுத் தங்கச்சியும்.

ரோட்டுக்குப் போன நெசவாளிகள் அத்தனை பேரும் ஒரு காரியம் செய்தோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. உள்ளங்கையிலும் விரலிலும் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு போனோம். சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தடவினோம். கை காய்த்துப்போனால் நைஸ் நூல் தோலில் மாட்டி அறுந்துவிடும். எங்கள் தெருவில் எண்பதாம் நம்பர் நைஸ் நூலை அறுக்காமல் நெய்கிறவர் வாப்பா ஒருத்தர்தான். நூல் நாளைக்கோ மறுநாளோ வந்துவிடும், வந்தால் கை வேண்டும் என்று இருந்தோம். துணி சுற்றிய கையில் சுத்தியல் நிற்காது, வழுக்கும். கல்லுடைத்துப் பழகிய இலத்தூர் ஆட்கள் பொழுது சாய ஆளுக்கொரு மரப்பெட்டி ஜல்லி நிரப்பினார்கள். நானும் வாப்பாவும் சேர்ந்து அரைப்பெட்டி. சீசன் தொடங்கியிருந்தது. அருவியில் குளிக்கப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

மேஸ்திரி சுரண்டைக்காரன். வாப்பா முன்னால் வந்து குனிந்து பார்த்தான்.

"என்ன பாய், நீரு கல்லை அடிச்சீரா, கல்லு உம்மள அடிச்சுச்சா? இம்புட்டுக் கட்டுப் போட்டிருக்கீரு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வாப்பா நிமிரவில்லை.

"இது தறிக்குன்னு உள்ள கையி."

"அப்பம் தறிகிட்டயே போயிச் சோறு கேளும்."

வியாழக்கிழமை ஓவர்சியர் வந்தார். நெசவாளிகளுக்கு வேலை செய்ய மனசில்லை என்று மேலே எழுதப்போவதாகச் சொன்னார். சனிக்கிழமை பொழுது சாய ஆளுக்கு ஒரு பெட்டி இல்லையென்றால் பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் கூலி இல்லை. கஞ்சிச்சீட்டும் இல்லை. சனிக்கிழமை காலையில் சாரல் விழுந்தது. கல் எல்லாம் நனைந்து கிடந்தது. வாப்பா உட்கார்ந்து கைத்துணியை அவிழ்த்தார்.

நான் சொன்னேன். "வாப்பா, நான் அவுக்கேன். நீங்க கட்டிக்கிடுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து நான் உடைக்கேன்."

"ரெண்டு பெட்டி ஒன்னால ஆவாது. நீ இன்னும் ரொம்ப நாளு நெய்யணும். கையக் காட்டுலே."

அவர் துணியையும் என் கையில் என் துணிக்கு மேலேயே சுற்றினார். எனக்குச் சுத்தியலைப் பிடிக்கவே முடியவில்லை. அன்று நான் கல் எடுத்துக் கொடுத்தேன், அவர் உடைத்தார். பொழுது சாய இரண்டு பெட்டியும் நிறைந்துவிட்டது. மேஸ்திரி அளந்து பார்த்தான். ஜல்லியில் ரத்தம் பட்டிருந்த இடத்தைக் காலால் மண் தள்ளி மூடினான். பேர் அடிபடவில்லை. அதற்குப் பிறகு வாப்பா துணி சுற்றவே இல்லை.

பிறகு ஒரு நாள், சில ரகத் துணிகளைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம் என்று சர்க்கார் சட்டம் போட்டது. நூல் வந்தது. எல்லாத் தறிக்கும் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு தறிக்கு. வாப்பா உட்கார்ந்தார். தொட்ட இடமெல்லாம் அறுந்தது. அறுந்ததை முடிச்சுப் போட்டார், நெய்தார், மறுபடி அறுந்தது. நூல் கொடுத்த கடைக்காரர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தடிநூல்தான் தருவேன் என்றார். என் கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் தறியில் உட்கார்ந்தால் வாப்பா எழுந்திருக்க வேண்டும். அதனால் நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினேன்.

ஆபீசர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஊருக்குப் போகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவர்கள் போவது சரிதான். எனக்கு அப்படி இல்லை. வீட்டில் இன்னும் அந்த ஒரு தறிதான். வாப்பா இன்னும் அதில் தடித்த துண்டு நெய்கிறார். தளம் மூடுகிறார்கள் என்று எழுதியதற்குத் தங்கச்சி கையால் வாப்பாவின் பதில் வந்தது. "அங்கன சோறு கெடைச்சா அங்கனயே இரி." அவ்வளவுதான். படிக்கிறேன் என்று ஆபீசரிடம் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன்.

லேத் பழகி இரண்டாவது மாசம் ஓடுகிறது. எண்ணெய் துடைக்க ஆளுக்கொரு பழந்துணி கொண்டுவரச் சொன்னார் வாத்தியார். பெட்டியைத் திறந்தேன். பழந்துணி என்று இருந்தது ஒரு சாரம்தான். வாப்பா நெய்து, கடைக்காரர் வேண்டாமென்று திருப்பித் தந்தது. கப்பலேறும்போது வாப்பா என் கையில் கொடுத்தார். இங்கே அதை உடுத்திக்கொண்டு வாசலில் நின்றபோது அடுத்த வீட்டு மலாய்க்காரர் முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்து, உங்கள் ஊரில் பூ வேலை இப்படித்தான் போடுவார்களா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். சட்டை ஒன்றைக் கிழித்து வாத்தியாரிடம் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை சாரத்தைத் தரையில் விரித்து, ஓரத்திலிருந்து முடிச்சுகளை விரலால் தடவி எண்ணிக்கொண்டே போனேன். இரண்டு இடத்தில் நூல் என் விரலில் மாட்டியது. மெதுவாக எடுத்துவிட்டு மேலே எண்ணினேன்.

முடிச்சு நூற்றுப் பதினேழு.