ஒன்பது இடது தோள்கள்

ஃபனேசிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கை சுத்தம். பதினெட்டு வருஷமாக ஏரிக்கரை ஊர்கள் ஏழுக்கும் சைக்கிள் மிதித்துப் போய்ப் பச்சைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறாள். படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி, ஊரார் கூப்பிடுவது டாக்டரம்மா. அவளும் மறுத்ததில்லை. எதற்கு மறுக்க வேண்டும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் எலுபியின் வீட்டுக்குப் போனபோது, எலுபியின் புருஷன் டைசன் முற்றத்தில் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். பெண் வீட்டோடு வந்து வாழ்கிற மருமகன் அவன். பெண்ணின் தாய்மாமன் போ என்றால் போகவேண்டியதுதான். தாய்மாமன் சிமியோனி அன்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

"நீங்களே பாருங்க டாக்டரம்மா," என்று குழந்தையின் இடது தோளைக் காட்டினார். காசநோய் ஊசி போட்ட இடத்தில் கடலை அளவுக்குக் கொப்புளம், நடுவில் சீழ். "கைப்பிள்ளை இருக்கும்போது அப்பன்காரன் வேறொருத்திகிட்ட போனா, அது பிள்ளை உடம்புலதானே தாக்கும்? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"சத்தியமா நான் எங்கயும் போகல மாமா," என்றான் டைசன். வாயில்லாப் பூச்சி. மூன்று நாளாக இதையே சொல்லித் தொண்டை கட்டியிருந்தது.

ஃபனேசிக்குச் சுருக்கென்றது. கொப்புளம் வரும் என்று தாய்மாரிடம் சொல்லிவைப்பது அவள் வேலை. ஊசி போட்ட அன்று மழை திரண்டு வந்த அவசரத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"தப்பு என்னோடது அண்ணே. ஊசி போட்ட ஆறாவது வாரம் இப்படித்தான் பழுக்கும். அமுக்காம, தழை கிழை வைக்காம விட்டா தானா காஞ்சு தழும்பாயிடும். அக்குள்ல கட்டி வந்தா மட்டும் என்கிட்ட வாங்க."

"ஊசிக்காரி ஊசிக்குத்தானே பரிஞ்சு பேசுவா!"

"அப்படியா? அன்னிக்கு ஒரே குப்பியில ஒன்பது பிள்ளைங்களுக்குப் போட்டேன். அத்தனையையும் இங்க கூட்டிட்டு வாங்க."

தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்தார்கள், தயங்கித் தயங்கி. ஃபனேசி ஒவ்வொரு துணியாக விலக்கினாள். ஒன்பது தோளிலும் கொப்புளம்! இதே பழிக்குப் பயந்து மற்ற எட்டுப் பேரும் தங்கள் பிள்ளையின் தோளை மூடி வைத்திருந்தார்கள். ஒன்பதாவது குழந்தை சிமியோனியின் கடைக்குட்டி.

"ஏன் அண்ணே, அப்பன்மார் ஒன்பது பேரும் ஒண்ணாவா கிளம்பினீங்க? உங்க பிள்ளைக்குத்தான் எல்லாத்தையும் விடப் பெருசா இருக்கு. அவ்வளவு தூரம் எங்க போனீங்க?"

"சொல்லுங்க, நானும் கேட்டுக்கறேன்," என்றாள் சிமியோனியின் மனைவி. முற்றமே கொல்லென்று சிரித்தது.

சிமியோனி தொண்டையைச் செருமினார். "பாயை உள்ள கொண்டு போடுப்பா."

டைசன் நகரவில்லை. எலுபியைப் பார்த்தான். "நீயும் நம்புனியா?"

அவள் தலை குனிந்தாள். "நம்பிட்டேன்."

அவன் குழந்தையை வாங்கிக்கொண்டு பாயை அவள் கையில் கொடுத்தான்.

"அப்போ நீயே விரி."