தீ மணியும் இடுப்புச் சோதனையும்

காக்கித் துணியின் கஞ்சி வாசனை... அதோடு மெஷின் எண்ணெய். இன்றைக்கும் யாராவது புதுத் துணியைப் பிரித்தால் நான் நேரே அந்த மில் ஷெட்டுக்குப் போய்விடுகிறேன். (நான் சொல்லச் சொல்லப் பேரன் டைப் செய்கிறான். என் வயதுக்கு வந்து பாருங்கள், அப்புறம் கேலி செய்யலாம்.)

அது சண்டைக் காலம். பெங்களூரில் பட்டாளத்துக்குச் சட்டை தைக்கும் மில். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா படுத்த படுக்கை, வீட்டில் என் சம்பளம் மட்டும்தான்.

மில்லில் இரண்டு சட்டம். தீ மணி அடித்தால் போட்டது போட்டபடி வெளியே ஓட வேண்டும். மணல் வாளிகளைக் காட்டி சூப்பர்வைசர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

இன்னொன்று, கேட்டில் சோதனைக்கு நிற்கும் லூர்தம்மா தடவிப் பார்க்காமல் எந்தப் பெண்ணும் கேட்டைத் தாண்டக்கூடாது. துணி, நூல் திருட்டுப் போகாமல் இருக்கத்தான்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எது பெரிசு? யாரும் சொல்லவில்லை... நாங்களும் கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் பக்கத்து ஷெட்டில் பஞ்சுக் கழிவு பற்றிக்கொண்டது. மணி அடித்தது. விழுந்தடித்து ஓடினோம்.

கேட்டருகே போனதும் வழக்கம்போல வரிசையில் நின்று கையைத் தூக்கினோம்! புகையில் இருமிக்கொண்டே...

வெளியே ஓடச் சொல்லி வாட்ச்மேன் கன்னடத்தில் கத்தினார். "ஓடி, ஹொரகே ஓடி!"

"பாக்காம வுட்டா என் வேலை போயிடும். அப்புறம் நீயா எனக்கு சோறு போடுவ?" என்று லூர்தம்மாவும் கத்தினாள்.

என் இடுப்பில் ஒரு வெள்ளை நூல்கண்டு இருந்தது. தங்கை மாதா கோயிலில் புது நன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்கப் போகிறாள், அவளுக்கு வெள்ளைக் கவுன் தைக்க மில்லிலிருந்து எடுத்தது. கடையில் நூலே கிடைக்காத காலம்.

முன்னால் போனால் வேலை போகும். பின்னால் போனால் நெருப்பு. எனக்கு எந்தப் பக்கம் நகர்வதென்றே தெரியவில்லை. நெருப்பைவிட லூர்தம்மாவின் கைதான் பயமாக இருந்தது, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கை என் இடுப்பில் வந்து நின்றது. நூல்கண்டின் மேலேயேதான். என் முகத்தைப் பார்த்தாள்.

"மரம் மாதிரி நிக்கிறியே, போடி!"

என்னை வெளியே தள்ளிவிட்டு, பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் ஓடுங்கடி!" என்றாள். அப்புறம் ஒருத்தியையும் தொடவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தங்கை கவுன் போட்டுக்கொண்டாள்.

மறுவாரம் கேட்டில் வேறொருத்தி நின்றாள். சோதிக்காமல் விட்டதற்காக லூர்தம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

நெருப்புக்குப் பயந்து எல்லோரையும் விட்டாளா? இல்லை, என் ஒருத்திக்காகவா? அவள் விரலுக்கு அந்த நூல்கண்டு தெரிந்ததா, இல்லையா... எத்தனை தரம் யோசித்தாலும் குழப்பம்தான். வீடு தேடிப் போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவேயில்லை.

போன வாரம் பேரனுடைய வைட்ஃபீல்ட் ஆபீஸில் ஃபயர் டிரில். அலாரம் அடித்தால் கதவெல்லாம் தானாகவே திறந்துவிடுமாம். அப்படியும் பாதிப் பேர் வழக்கம்போலக் கதவருகே நின்று நின்று ஐடி கார்டைக் காட்டிக்கொண்டிருந்தார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல ஏற்பாடுதான்... திறந்துவிட்டதற்காக அந்தக் கதவை யாரும் வேலையை விட்டு நிறுத்தப்போவதில்லை.